நார்சாப் பொட்டலம்

அத்தியாயம் 17

போன வாரம் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி சிக்கந்தர் ராவுத்தரை வாசற்படியில் நிற்க வைத்துவிட்டுப் பிரிந்தோம். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு செருப்பைக் காலால் துழாவியபடியே அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அதைத்தான் ஜமீலுன்னிசா ஏழு நாளாக மென்றுகொண்டிருந்தாள்.

"இதுவரைக்கும் யார் காதுலயும் விழாத பாட்டா இருக்கட்டும். அதை உங்க புள்ளைங்க விரலால வாசிச்சுக் காட்டட்டும். அப்புறம் பேசுவோம்."

பேச்சு ஒரு அறையைப் பற்றியது. கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில், பாண்டி பஜாரில் பட்டன் கடை வைத்திருக்கும் இனாயத்தும் அவர் அண்ணன் கரீமுல்லாவும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். அந்த வீட்டு மாடியறையில் இரண்டு வருஷமாகப் பார்வையில்லாத ஆறு பிள்ளைகள் படிக்கிறார்கள். நடத்துகிறவள் இனாயத்தின் மனைவி ஜமீலுன்னிசா. ஆறு பிள்ளைகளில் ஒருத்தி அவள் பெற்ற மகள், பத்து வயது தாஹிரா.

வருகிற மாதம் கரீமுல்லாவின் மகனுக்குக் கல்யாணம். மாடியறை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வேண்டும். வகுப்புக்கு வேறு இடம் என்றால் பள்ளிவாசலை ஒட்டி, அண்டாவும் ஜமுக்காளமும் அடைந்துகிடக்கும் அறை ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பாத்திர வாடகைக் கடைக்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கமிட்டி கூடி முடிவு செய்யும். முத்தவல்லி தலையசைத்தால் அறை பிள்ளைகளுக்கு. இல்லாவிட்டால் ஐந்து பிள்ளைகள் பழையபடி அவரவர் வீட்டு மூலைக்குத் திரும்புவார்கள். தாஹிராவை எங்கோ வெளியூர் விடுதியில் விடவேண்டி வரும். அதை நினைக்கும்போதெல்லாம் ஜமீலா எழுந்து போய் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

ராவுத்தர் கெட்ட மனிதர் அல்ல. அவர் கேட்பது ஒன்றுதான். குர்ஆன் முழுவதையும் காதால் கேட்டே மனனம் செய்த பார்வையற்ற ஹாபிஸ்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து எதற்கு? போன வருஷம் தாஹிரா ஒரு பக்கத்தைத் தடவித் தடவி வாசித்துக் காட்டியபோது, "மனப்பாடம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அதனால்தான் யாரும் கேட்டிராத பாட்டு. அதை எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டவர் கரீமுல்லா.

கரீமுல்லாவைப் பற்றி இரண்டு வார்த்தை. தபாலாபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருஷமும் ரபீயுல் அவ்வல் மாதத்தில் பன்னிரண்டு நாள் இந்த வீட்டில் நபிகள் புகழ் பாடும் மவ்லிது ஓதுவார்கள். கடைசி நாள் இறைவனிடம் கையேந்திப் பாடும் முனாஜாத்து ஒன்று, அவர் எழுதியது, அரங்கேறும். நன்றாகவே எழுதுவார். நன்றாக இருக்கிறது என்பதையும் நமக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார் என்பதுதான் குறை. சாதாரணமாக ஒரு வரி பிறந்தால் டீக்கடையில் ஒரு தரம், முடிவெட்டும் கடையில் ஒரு தரம், மீன் வாங்குகிற இடத்தில் ஒரு தரம் பாடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இந்தத் தடவை யார் காதிலும் விழக்கூடாது என்று கட்டளை. ஏழு நாள் வாயைப் பொத்திக்கொண்டு அவர் பட்ட பாடு அவர் மனைவி ஹபீபாவுக்குத்தான் தெரியும்.

நேற்று நண்பகலில் முப்பத்தாறு கண்ணிகளையும் டைரியோடு ஜமீலாவிடம் கொடுத்தார். அவள் அப்போது குத்தூசியைக் கையில் எடுத்தவள், சாயங்காலம் வரை குத்தினாள். இன்று பன்னிரண்டாம் நாள், ராவுத்தர் வரும் நாள். அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

பிரெய்ல் எழுதுவது ஒரு விசித்திரமான வேலை. கெட்டித் தாளைச் சிலேட்டுக்குள் இடுக்கி, வலமிருந்து இடமாகப் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போகவேண்டும். தாளைத் திருப்பினால்தான் எழுத்து மேலே புடைத்துக்கொண்டு நிற்கும், விரல் இடமிருந்து வலமாக ஓடும். சாந்தோமிலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் டோரதி டீச்சர்தான் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். தாஹிராவோ இனாயத் கடையிலிருந்து கொண்டு வந்த பட்டன்களை, எழுத்தின் ஆறு புள்ளிக்கு ஆறாக, துணியில் தைத்து வைத்து எழுத்துப் பழகியவள். மகளுக்கு விரல் போதும். அம்மாவுக்கு இன்றைக்கும் கண்தான் வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் விரல் தடுமாறக்கூடாது என்று தாளுக்கு இரண்டே கண்ணி. நடுவில் நல்ல இடைவெளி. பத்தரை மணிக்குப் பதினெட்டாவது தாளும் முடிந்தது. முன்னறைத் தையல் மெஷின் மேல் அடுக்கி வைத்துவிட்டு, "அக்கா, இதுக்கு மேல பாரமா எதையும் வச்சுடாதீங்க, புள்ளியெல்லாம் அமுங்கிடும்" என்று ஹபீபாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஹபீபா அந்தப் பேச்சைத் தட்டவில்லை. அவள் தாள்மேல் ஒரு துரும்பைக்கூட வைக்கவில்லை.

*

மீலாது விடுமுறை என்பதால் வழக்கமாகப் பிள்ளைகளைக் கொண்டு வந்து விடுகிறவர் வரவில்லை. வெள்ளைச்சாமியின் ஆட்டோவில் ஜமீலாவே புறப்பட்டாள். வெள்ளைச்சாமி நொச்சிக்குப்பத்துக்காரர். அவர் மகள் அஞ்சலை ஒன்பது வயதுக்காரி, வகுப்பில் தாஹிராவுக்கு அடுத்த கெட்டிக்காரி. அவளையும் மந்தைவெளிப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, வேளச்சேரி ஏரிக்கரை வரை போய் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

வழியெல்லாம் வெள்ளைச்சாமிக்கு ஒரே கவலை.

"யக்கா, ஏம் பொண்ணு உங்க சாமிப் பாட்டை வாசிச்சா அந்தப் பெரியவரு எதுனா சொல்வாரா?"

"அவளுக்கு வாசிக்கத் தெரியுதான்னுதாங்க அவர் பாக்கப் போறார்."

"அப்ப சரி. வாசிப்பில எம் பொண்ணு கில்லாடி. ஊட்ல கீற மருந்து அட்டையெல்லாம் தடவிக்கினே இருக்கும்."

வீடு வந்து சேர மணி இரண்டரை. பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு முன்னறைக்கு வந்தாள். தையல் மெஷின் மேல் ஒன்றுமில்லை.

மெஷினுக்கு அடியில் பார்த்தாள். பீரோ மேல் பார்த்தாள். ஹபீபா அடுப்படியிலிருந்து வந்து, தான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். கூடத்தில் கரீமுல்லா ஜமுக்காளத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யாரிடமாவது காட்டவேண்டும் என்று காத்திருந்தவர் போல ஒரு கூடையை முன்னால் நகர்த்தினார்.

கூடை நிறைய நார்சாப் பொட்டலங்கள். ஓதி முடித்ததும் வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்புகிற பொட்டுக்கடலை, சர்க்கரை, மேலே இரண்டு பேரீச்சம்பழம். வெள்ளைத் தாளில் கூம்பு கூம்பாக, ஒன்றுபோல மடித்திருந்தார்.

இந்தப் பொட்டலம் கட்டுவதில் கரீமுல்லாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நார்சா ஓதிய பொருள். அதை எழுத்துள்ள தாளில் கட்டமாட்டார். அப்துல்லா என்று ஒரு பெயர் தாளில் இருந்தால் போதுமே, அல்லாஹ்வின் பெயர் அதற்குள் இருக்கிறது. அது நாளைக்குத் தெருவில் மிதிபடலாமா? பக்கத்து வீட்டுச் சங்கரன் மாமா ஒவ்வொரு வருஷமும் பழைய ஆங்கிலப் பேப்பர் ஒரு கட்டு கொடுத்தனுப்புவார். கரீமுல்லா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தி பத்தியாகப் பார்த்து, பாதிக்கு மேல் தள்ளிவிடுவார்.

"இந்த வருஷம் அந்தத் தொல்லையே இல்லைம்மா" என்றார். "ஒரு எழுத்து கிடையாது. நல்ல கெட்டித் தாளு. மெஷின் மேல கிடந்துது. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு, அதனால என்ன. ரெண்டா வெட்டினேன், முப்பத்தாறு பொட்டலம் கணக்கா வந்துது."

இரண்டு வருஷமாக மாடியில் வகுப்பு நடக்கிறது. முழங்கால் வலியைச் சாக்கிட்டு அவர் ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. பிரெய்ல் என்றால் பித்தளைப் பலகையில் ஏதோ அடித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜமீலா கூடையிலிருந்த ஒரு பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மச்சான்" என்று கணவரின் அண்ணனை அழைத்தாள். "அது உங்க முனாஜாத்து."

"எது?"

"நீங்க கட்டி வச்சிருக்கிற தாளுதான்."

அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். முகம் மெல்ல மாறியது.

"பிஸ்மில்லா போட்டிருந்தியா?"

"முதல் தாள்லயே போட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டார். அரை நிமிஷம் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். அது முடிந்த கையோடு, தணிந்த குரலில், "முப்பத்தாறும் போச்சா?" என்று கேட்டார்.

போனது முப்பத்தாறும் அல்ல, பதினைந்து. சபைக்கு வரமுடியாத சொந்தக்காரர்களுக்குத் தனியாக ஓதிவைத்து, கொடுத்துவிட்டு வரச் சொல்லி, இனாயத்தை ஸ்கூட்டரில் தி.நகருக்கும் அடையாறுக்கும் அவரே அனுப்பி வைத்திருந்தார். கூடையில் மிச்சம் இருபத்தொன்று.

ஹபீபாவுக்கு வந்ததே கோபம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரிகிற மனுஷருக்கு, ஒரு தாளை எடுக்குமுன் வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே என்று பொரிந்து தள்ளினாள். அவர் கூடையை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

மறுபடி குத்தலாம் என்றால் நேரமில்லை. ஒரு கண்ணிக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். கெட்டித் தாளும் தீர்ந்துவிட்டது, டோரதி டீச்சரின் பள்ளிக்கூடம் இன்று பூட்டு. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ராவுத்தர் வந்துவிடுவார்.

கரீமுல்லா எழுந்து வந்து, மகளிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

"நான் மாடி ஏறி வரேம்மா. முட்டி போனா போகட்டும். ஒரு தரம் பாடிக் காட்டினா தாஹிரா அப்படியே புடிச்சுக்குவா. மத்ததுங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கண்ணி. விரலுக்கு அடியில பழைய தாளு எதையாவது வச்சுடு. ராவுத்தருக்கு என்ன தெரியப் போகுது?"

ஜமீலாவின் மனசு சபலப்பட்டது. பொய் சொல்வானேன், நன்றாகவே சபலப்பட்டது. அண்டாக்களை வெளியேற்றிவிட்டு வெள்ளையடித்த அறை ஒன்று கண்முன்னே வந்து நின்றது. ஆறு பாய், ஆறு சிறிய மேசை, ஜன்னலோரம் தாஹிரா. ஒரே ஒரு சாயங்காலம் நடித்துவிட்டால் அத்தனையும் கைக்கு வந்துவிடும்.

மாடியிலிருந்து பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வேணாம் மச்சான்" என்றாள். "மனப்பாடம், மனப்பாடம்னு அவர் ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கார். இன்னைக்கு அதையே நாம செஞ்சா அவர் சொன்னது நெசமாயிடும். அப்புறம் அந்த ரூம்ல உக்காந்து நான் எதைச் சொல்லிக் கொடுக்கிறது?"

மாடிப்படிப் பக்கம் திரும்பியவர் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

ஜமீலா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்காமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் சில புள்ளிகள் நசுங்கியிருந்தன. மற்றவை நின்றன. தாளை இரண்டாக வெட்டும்போது கத்தி சரியாக இடைவெளியில்தான் இறங்கியிருந்தது. ஒரு பொட்டலத்துக்கு ஒரு கண்ணி, முழுசாக.

"இதையே வாசிக்கட்டும்" என்றாள். "எது யார் கைக்கு வரும்னு எனக்கும் தெரியாது, புள்ளைங்களுக்கும் தெரியாது. ராவுத்தரே எடுத்துக் கொடுக்கட்டும்."

"மடிச்ச தாளாச்சேம்மா. வாசிக்க வருமா?"

"தெரியல மச்சான்."

நிஜமாகவே தெரியவில்லை. நல்ல தாளில் வாசித்தால் நூற்றுக்கு நூறு. மடித்துக் கசங்கிய தாளில் அவர்கள் வாசித்ததே இல்லை.

"சபையில இதை நீங்கதான் சொல்லணும்" என்றும் சொன்னாள். பெண்கள் இருப்பது உள்ளறையில், திரைக்குப் பின்னால். அங்கிருந்து அவள் ஒன்றும் செய்ய முடியாது.

முத்தவல்லி முன்னால், நாலு பெரிய மனிதர்கள் முன்னால், தன் கவிதையில் தானே பொட்டுக்கடலை கட்டினேன் என்று கரீமுல்லா சொல்லவேண்டும். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"சொல்றேன்" என்றார்.

*

நாலரை மணிக்கெல்லாம் சபை நிறைந்துவிட்டது. சாம்பிராணி மணத்தது. மவ்லிது ஓதி முடிந்து நபி மேல் சொல்லும் கடைசி சலவாத்தும் அடங்கியதும், கரீமுல்லா எழுந்து தொண்டையைச் செருமினார்.

ஜமீலா திரையின் ஓரத்தை விரல் அகலம் விலக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். ஹபீபா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. எழுத்தில்லாத தாள் தேடியதையும், தேடியது கிடைத்த மகிழ்ச்சியில் இரண்டாக வெட்டியதையும் சொன்னார். "அல்லாஹ்வோட பேர் மிதிபடக்கூடாதுன்னு அம்பது வருஷமா தாளைப் பொறுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு அவன் பேரையே பொட்டலமா மடிச்சேன். எழுத்துன்னா மையிலதான் இருக்கும்னு நெனச்சது என் தப்பு. உங்க கைக்கு வர்ற தாளை யாரும் கீழ போட்டுடாதீங்க."

சபையில் சிரிப்பு எழுந்தது. சிக்கந்தர் ராவுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. கூடையைத் தன் பக்கம் இழுத்தார். அடியில் கைவிட்டு ஆறு பொட்டலம் எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்தார்.

பிள்ளைகள் நார்சாவை மடியில் கொட்டிக்கொண்டு தாளைத் தொடையில் வைத்து நீவினார்கள். சிறுவன் ஒருவன் பேரீச்சம்பழத்தை முதலில் வாயில் போட்டுக்கொண்டான். தாஹிராவின் சுட்டுவிரல் தாளின் ஓரத்தைக் கண்டுபிடித்து, முதல் வரியில் இறங்கியது. மடிப்பு வந்த இடத்தில் நின்றது. பின்னால் போய்த் திரும்பி வந்தது.

ஜமீலா திரையோடு முகத்தைச் சேர்த்துக்கொண்டாள்.

"மதினா நகரின் தெருவிலே…" என்றாள் தாஹிரா. நின்றாள். "மணலாய்… மணலாய்க் கிடக்க ஆசையே. எதுநான் கேட்டும் கொடுப்பவா, இதையும் கொடுத்தால் போதுமே."

"பத்தொன்பதாவது கண்ணி" என்று கரீமுல்லா முணுமுணுத்தார். அவர் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் பிஸ்மில்லாவிலிருந்து தொடங்கவேண்டியது பத்தொன்பதில் தொடங்குகிறதே என்ற வேதனையும் முகத்தில் இருந்தது.

ராவுத்தர் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார். வெறும் வெள்ளை. அதைத் தாஹிராவிடம் திருப்பித் தராமல் அஞ்சலையின் கையில் வைத்தார். அஞ்சலை தாஹிரா சொன்னதைக் கேட்டிருப்பாளே என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். உடனே அதை வாங்கிக்கொண்டு, கூடையிலிருந்து புதிதாக ஒரு பொட்டலம் எடுத்துத் தன் கையாலேயே பிரித்துக் கொடுத்தார்.

அஞ்சலை தடவினாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி தடவினாள்.

"இன்னா எழுத்து இது, ஒரு புள்ளி ஜாஸ்தியா கீதே" என்றாள்.

திரைக்குப் பின்னால் ஜமீலா ஹபீபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தான்தான் தப்பாகக் குத்திவிட்டோமோ? காலையில் கடைசித் தாள்களைக் குத்தும்போது கண் சொருகியது உண்மைதான்.

அஞ்சலை அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டினாள். அது கையோடு வந்தது. வாயில் வைத்துப் பார்த்தாள்.

"சர்க்கரை" என்றாள்.

இந்தத் தடவை ராவுத்தரும் சிரித்துவிட்டார். தெருவில் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி, யாரும் கேட்காமலே, "எம் பொண்ணுதான்" என்று போகிறவர்கள் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அஞ்சலை தாளை உதறிவிட்டு வாசித்தாள். கடற்கரைக் குரல், தெருக்கோடி வரை கேட்கும்.

"பூட்டி வைத்த வீட்டினுள்ளும் பார்த்திருக்கும் ரஹ்மானே. கேட்டிடாத வாய்களுக்கும் கேட்குமுன்பே ஈந்தவனே."

ராவுத்தரின் சிரிப்பு நின்றது.

"இன்னொரு தரம் வாசிம்மா" என்றார்.

அவள் வாசித்தாள். அவர் கையை நீட்டி அந்தத் தாளின் மேல் தன் விரலை வைத்தார். பெரிய, சொரசொரத்த விரல். மெதுவாக ஓரம் வரை நகர்த்தினார். அதில் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்க முடியாது. ஆனாலும் சபை முழுக்க அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு மற்றப் பிள்ளைகள் வாசித்தார்கள். முப்பத்து மூன்றாவது கண்ணிக்கு அப்புறம் நான்காவது, அதற்கு அப்புறம் இருபத்தெட்டாவது. ஒரு பையன் நசுங்கின இடத்தில் தடுமாறி, ஒரு சொல்லை விட்டுவிட்டு மேலே போனான். மனப்பாடம் பண்ணியவன் அந்தச் சொல்லை விட்டிருக்க மாட்டான். விட்டதுதான் சாட்சி என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். கரீமுல்லா ஒவ்வொரு கண்ணிக்கும் ஜமுக்காளத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முன்னும் பின்னுமாக வாசித்தாலும் தன் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்பது மூன்றாவது பிள்ளை வாசிக்கும்போது அவருக்குப் பிடிபட்டது. அதன்பின் முகம் தெளிந்துவிட்டது. தன் பெயர் வருகிற கடைசிக் கண்ணி மட்டும் யார் கைக்கும் வரவில்லை. அது தி.நகரிலோ அடையாறிலோ யார் வீட்டுக் குப்பையிலோ என்று அவர் இனாயத்தைப் பார்த்த பார்வையில், நாளைக் காலை ஸ்கூட்டர் மறுபடி கிளம்பவேண்டும் என்பது தெரிந்தது.

ஜமீலாவுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. ஹபீபா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தன் மூக்கையும் சிந்திக்கொண்டாள்.

*

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள். போகும்போது நார்சாவைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு, தாளைக் கண்ணில் ஒற்றித் தாஹிராவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் மடியில் தாள்கள் சேர்ந்துகொண்டே வந்தன. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து வரிசைப்படுத்தத் தொடங்கியிருந்தாள்.

ராவுத்தர் வாசலில் நின்று இனாயத்திடம் பேசினார். முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் ஜமீலா நின்றாள்.

"வெள்ளிக்கிழமை கமிட்டியில நான் பேசிக்கிறேன். அதுல ஒண்ணும் சிக்கல் வராது. அண்டாவையெல்லாம் வெளிய எடுக்க ரெண்டு ஆளு வேணும், அதை நீ பாத்துக்க. சுவர்ல ஓதம் இருக்கு. வெள்ளை அடிச்சுட்டுத்தான் புள்ளைங்களை உக்கார வைக்கணும்."

இனாயத் ஏதோ நன்றி சொல்ல ஆரம்பித்தார். அவர் கையமர்த்தினார்.

ஒரு காலில் செருப்பை மாட்டினார். இன்னொன்றைத் தேடவில்லை. அப்படியே நின்றார்.

"அந்த மீனவப் பொண்ணு வாசிச்சுதே, ரஹ்மானேன்னு. அந்தத் தாளு வேணும்."

இனாயத் உள்ளே ஓடிவந்து தாஹிராவிடமிருந்து அந்தத் தாளை வாங்கினார். கூடவே கூடையில் மிச்சமிருந்த இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு போய் நீட்டினார்.

"நார்சா இருக்கட்டும்ப்பா. தாளு போதும்" என்றார் ராவுத்தர். வாங்கிய தாளை மடிக்கவில்லை. புள்ளி அமுங்கிவிடும் என்று இந்த ஒரு மணி நேரத்தில் அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல ஒருத்தன் இருக்கான். அவன் கையில கொடுக்கணும். அவனும் தொட்டுத்தான் பாப்பான்."

இனாயத்துக்குப் புரியவில்லை. "யாரு பெரியவரே?" என்று கேட்டார்.

"ஆறு வயசாகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

ஜமீலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் போவதைப் பார்த்தாள். இந்தச் சந்துக்கு மருமகளாக வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. ராவுத்தர் வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், மையித்து எடுத்த அன்று துக்கத்துக்குப் போயிருக்கிறாள், பெருநாளுக்கு நெய்ச்சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டில் ஆறு வயதில் ஒரு பிள்ளையை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

பள்ளிவாசலுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும். பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டது. தாளை ஏந்திய கைகளோடு ராவுத்தர் வலப்பக்கம், தன் வீட்டை நோக்கித் திரும்பி நடந்தார்.